ஏழு விநாடிச் சீட்டு ஏன் வார்டு தேர்தலுக்கு வரவில்லை?

2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்தவர்களுக்கு நினைவிருக்கும். பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிச் சாளரத்தில் ஒரு சிறிய சீட்டு தெரிந்தது. வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் அதில் இருந்தன. ஏழு விநாடி நின்றுவிட்டு உள்ளே விழுந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். வார்டு கவுன்சிலருக்காக மறுபடியும் வரிசையில் நின்றோம். பொத்தான் இருந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, 'பீப்' சத்தமும் கேட்டது. சீட்டு மட்டும் இல்லை.

இதைக் கவனித்தவர்கள் குறைவு. கவனித்தவர்களிலும் பலர், ஏதோ சிக்கனத்துக்காக விட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சீட்டுக்குப் பின்னால் நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. எந்தக் கட்சி சரி, எந்தக் கட்சி தவறு என்று பேசுவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. நம் குப்பையும் குடிநீரும் தெருவிளக்கும் யார் கையில் என்று தீர்மானிக்கிற தேர்தலில், முடிவைச் சரிபார்க்க என்ன சான்று மிஞ்சுகிறது என்பதே கேள்வி.

பெட்டியிலிருந்து புத்தகம் வரை

சுதந்திர இந்தியாவின் முதல் இரண்டு பொதுத் தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி வைக்கப்பட்டது. விரும்பிய வேட்பாளரின் சின்னம் ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். பிறகு, எல்லாப் பெயர்களும் அச்சிட்ட ஒரே சீட்டில் முத்திரை குத்தும் முறை வந்தது. அதோடு செல்லாத ஓட்டும் வந்தது. முத்திரை இரண்டு கட்டங்களுக்கு நடுவே விழுந்தால் எண்ணும் மேசையில் சண்டை. வடக்கே பல இடங்களில் வாக்குச்சாவடியையே கைப்பற்றி, கட்டுக்கட்டாக முத்திரை குத்திப் பெட்டியை நிரப்புவதும் நடந்தது.

நம் மாநிலத்தில் காகித முறையின் எல்லையைக் காட்டிய இடம் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சி. 1996 சட்டமன்றத் தேர்தலில் அந்த ஒரே தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். விவசாயிகளின் கோரிக்கைகளைக் கவனிக்க வைப்பதற்காகக் கூட்டமாக மனு போட்டிருந்தார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியதாயிற்று.

ஆக, காகிதக் காலம் பொற்காலம் ஒன்றும் அல்ல. இயந்திரம் வந்ததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. அதில் செல்லாத ஓட்டு என்பதே இல்லை. ஒரு வாக்கு பதிவான பிறகு, அலுவலர் மறுபடி அனுமதித்தால்தான் அடுத்த வாக்கு பதியும் என்பதால், சாவடியைப் பிடித்தவர்களாலும் நிமிடத்துக்கு நூறு ஓட்டுக் குத்த முடியாது. நாள்கணக்கில் நீண்ட எண்ணிக்கையும் சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பரவூரில் தொடங்கிய வழக்கு

இந்தியாவில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலில் பயன்பட்டது 1982 மே மாதம், கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில். அங்கிருந்த வாக்குச்சாவடிகளில் 50-இல் மட்டும் இயந்திரம், மற்றவற்றில் காகிதம்.

இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் சிவன் பிள்ளை, இயந்திரம் வேண்டாம் என்று தேர்தலுக்கு முன்பே நீதிமன்றம் போனார். நீதிமன்றம் தலையிடவில்லை. தேர்தல் நடந்தது, அவரே 123 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்! இப்போது நீதிமன்றம் போவது தோற்றவரின் முறையாயிற்று. காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் வழக்குத் தொடர்ந்தார். 1984 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயந்திரம் நல்லதா கெட்டதா என்பதை வைத்து அது முடிவு செய்யவில்லை. சட்டம் வாக்குச்சீட்டைத்தான் சொல்கிறது, இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை, ஆணையம் தானாக அதைக் கொண்டுவர முடியாது என்றது. அந்த 50 சாவடிகளிலும் காகிதத்தில் மறுவாக்குப்பதிவு நடந்தது. ஜோஸ் வென்றார்.

நாடாளுமன்றம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தியதில், 1989 மார்ச் முதல் இயந்திரத்துக்குச் சட்ட இடம் கிடைத்தது. 1998-இல் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லி ஆகிய மாநிலங்களின் சில தொகுதிகளில் சோதித்தார்கள். 2001 மே மாதம் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளிலும் இயந்திரமே வந்தது. 2004-இல் மக்களவையின் 543 தொகுதிகளிலும் காகிதம் விடைபெற்றது.

2001-இல் பரவூர் கதையின் சாயல் ஒன்று இங்கேயும் தெரிந்தது. அப்போது எதிர்க்கட்சியாக இருந்த அ.தி.மு.க., இயந்திரத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் போனது. வழக்குத் தள்ளுபடியானது. அடுத்த மாதம் அதே இயந்திரத்தில் நடந்த தேர்தலில் அக்கட்சியின் கூட்டணி பெருவெற்றி பெற்றது.

தோற்றவரின் சந்தேகம்

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. 2009 மக்களவைத் தேர்தலில் தோற்ற பா.ஜ.க.வின் எல்.கே. அத்வானி, மறுபடி வாக்குச்சீட்டுக்குப் போகலாம் என்றார். 2017-இல் உத்தரப் பிரதேசத்தில் தோற்ற மாயாவதி இயந்திரத்தைக் குற்றம் சொன்னார். வென்ற கட்சி வாய் திறப்பதில்லை, தோற்ற கட்சி வாய் மூடுவதில்லை. இதனால் பொதுமக்களுக்கு இந்தப் பேச்சே சலித்துவிட்டது.

அதே 2017-இன் இறுதியில் உத்தரப் பிரதேசத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 16 மாநகராட்சிகளில் இயந்திரம், நகராட்சிகளிலும் நகர் பஞ்சாயத்துகளிலும் காகிதம். 16 மேயர் பதவிகளில் 14 பா.ஜ.க.வுக்குப் போயின. காகிதம் பயன்பட்ட சிற்றூர்களில் அக்கட்சியின் வெற்றி விகிதம் வெகுவாகக் குறைந்தது. "பார்த்தீர்களா!" என்றன எதிர்க்கட்சிகள். பெருநகரங்களில் அக்கட்சிக்கு எப்போதும் செல்வாக்கு அதிகம், சிற்றூர்களில் சுயேச்சைகளே கணிசமாக வெல்வார்கள் என்பது மறுதரப்பின் விளக்கம். அந்த விளக்கம் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். இயந்திரத்தில் பதிவான வாக்குகளைத் திறந்து காட்டி வாதத்தை முடிக்க வழியில்லை. இரு தரப்பும் அவரவர் நம்பிக்கையோடு வீட்டுக்குப் போயின.

சந்தேகம் அரசியல்வாதிகளோடு நின்றதுமில்லை. 2010-இல் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹரிபிரசாத், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்ரைப் ஆகியோர் உண்மையான இந்திய இயந்திரம் ஒன்றை ஆராய்ந்தார்கள். இயந்திரத்தைக் கையில் எடுத்துத் திறக்க முடிந்தால் எண்ணிக்கையை மாற்றலாம் என்று காட்டினார்கள். இயந்திரம் எந்த வலையமைப்போடும் இணைக்கப்படுவதில்லை, முத்திரையும் காவலும் தாண்டி அதைத் தொடுவது நடைமுறையில் முடியாது என்று ஆணையம் பதில் சொன்னது. அந்த இயந்திரம் எப்படிக் கிடைத்தது என்ற வழக்கில் ஹரிபிரசாத் கைதும் ஆனார்.

இரு தரப்பு வாதத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். பாதுகாப்பு என்பது சில்லுக்குள் மட்டும் இல்லை. சீல் வைப்பது, பூட்டுவது, காவல் நிற்பது, மாதிரி வாக்குகளை அழிப்பது என்று மனிதர்கள் செய்யும் வேலைகளிலும் இருக்கிறது. மனிதர் செய்கிற இடத்தில் பிசகு நேரும். காலையில் முகவர்கள் முன்னிலையில் போட்ட மாதிரி வாக்குகளை அழிக்க மறந்துவிட்டு உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்கினால், மாலையில் கணக்கு உதைக்கும். அதில் சதி எதுவும் தேவையில்லை, மறதியே போதும்.

சீட்டு வந்த கதை

தீர்வாக வந்ததுதான் ஒப்புகைச் சீட்டு, அதாவது 'விவிபேட்'. நாகாலாந்தின் நோக்சென் தொகுதி இடைத்தேர்தலில் 2013 செப்டம்பரில் இது முதன்முதலாகப் பயன்பட்டது. அடுத்த மாதமே, சுப்பிரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில், நியாயமான தேர்தலுக்குக் காகிதத் தடயம் இன்றியமையாதது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2019 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் எல்லாச் சாவடிகளிலும் சீட்டுப் பெட்டி வந்துவிட்டது. ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணி, இயந்திரக் கணக்கோடு ஒப்பிட வேண்டும் என்பதும் அந்த ஆண்டு நீதிமன்றம் சொன்னதுதான். இரண்டும் வேறுபட்டால் சீட்டின் கணக்கே செல்லும் என்பது விதி.

2024 ஏப்ரல் 26 தீர்ப்பில், மறுபடி வாக்குச்சீட்டுக்குப் போக வேண்டும் என்ற கோரிக்கையையும், எல்லாச் சீட்டுகளையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையையும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் புதிதாக ஒரு வழி திறந்தது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்கள் முடிவு வந்து ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டுக் கட்டணம் செலுத்தினால், ஒரு சட்டமன்றப் பகுதியின் 5 விழுக்காடு இயந்திரங்களைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்களைக் கொண்டு சோதிக்கலாம்.

இவ்வளவு நீண்ட இழுபறிக்குப் பின் கிடைத்த ஏற்பாடு இது. மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களுக்குத்தான் இது பொருந்துகிறது.

வார்டுக்கு வேறு ஆணையம்

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது டெல்லியில் உள்ள இந்தியத் தேர்தல் ஆணையம் அல்ல. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தங்களின்படி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக மாநிலத் தேர்தல் ஆணையம் உண்டு. உள்ளாட்சி வாக்குப்பதிவின் விதிகள் மாநிலச் சட்டத்திலிருந்து வருகின்றன. டெல்லி ஆணையத்துக்கு உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைகள் தாமாக வந்து இங்கே ஒட்டிக்கொள்வதில்லை.

இதனால் நம் மாநிலத்திலேயே மூன்று விதம் நடக்கிறது. 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, கிராமத்து வாக்காளர் நான்கு நிறச் சீட்டுகளில் நான்கு பதவிகளுக்கு முத்திரை குத்தினார். அத்தனையையும் பிரித்து எண்ண இரவு பகலாக வேலை நடந்தது. 2022-இல் நகரத்து வாக்காளர் சீட்டில்லாத இயந்திரத்தில் பொத்தான் அழுத்தினார். சட்டமன்றத் தேர்தலுக்கு இருவரும் சீட்டுள்ள இயந்திரத்துக்கு வருகிறார்கள்.

பல பதவிகளுக்கு ஒரே நேரத்தில் வாக்களிக்க வேண்டிய தேர்தலில் சீட்டுப் பெட்டியைப் பொருத்துவது சிக்கல் என்று சொல்வார்கள். கிராமத்து நான்கு ஓட்டுக்கு அந்த வாதம் பொருந்தலாம். ஆனால் 2022-இல் நாம் போட்டது ஒரே ஓட்டு. மேயரையும் நகராட்சித் தலைவரையும் கவுன்சிலர்களே தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே நகரத்துக்கு அந்தச் சிக்கல் இருந்ததாகச் சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், 2025 செப்டம்பரில் கர்நாடக அமைச்சரவை, இனி உள்ளாட்சித் தேர்தல்களை வாக்குச்சீட்டிலேயே நடத்தும்படி அம்மாநில ஆணையத்துக்குப் பரிந்துரைக்க முடிவு செய்தது. பெங்களூரு போன்ற நகரில் அது தேவையா என்று வாதிடலாம். ஆனால் நம்பிக்கைக் குறைவு உள்ளாட்சி அளவிலும் அரசியல் கேள்வியாகிவிட்டது என்பதை மறுக்க முடியாது.

மும்பையில் ஒரு குலுக்கல், சண்டிகரில் எட்டுச் சீட்டு

வார்டு தேர்தல்தானே, சின்னதுதானே என்று தோன்றலாம். சின்னதாக இருப்பதால்தான் சான்று அதிகம் தேவை. மக்களவைத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். வார்டில் பத்து ஓட்டு, ஐந்து ஓட்டு, சில சமயம் ஒன்றுமே இல்லை.

2017 பிப்ரவரியில் மும்பை மாநகராட்சியின் 220-ஆம் வார்டில் சிவசேனை, பா.ஜ.க. வேட்பாளர்கள் இருவரும் தலா 5,946 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றார்கள். குலுக்கல் போட்டார்கள், பா.ஜ.க. வேட்பாளர் வென்றார். மொத்தம் 227 இடங்களில் சிவசேனைக்கு 84, பா.ஜ.க.வுக்கு 82 என்ற நெருக்கமான போட்டி அது. ஒரு வார்டின் ஒரு ஓட்டுக்கு எவ்வளவு எடை என்று பாருங்கள். சீட்டில்லாத இயந்திரத்தில் மறு எண்ணிக்கை என்றால் முடிவுப் பொத்தானை மறுபடி அழுத்துவதுதான். முதலில் காட்டிய எண்ணையே அது திரும்பவும் காட்டும். கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரே சாட்சியை இரண்டு முறை கேட்பது இரண்டு சாட்சி ஆகாது.

காகிதத்தின் தரப்பையும் பார்ப்போம். 2024 ஜனவரி 30 அன்று சண்டிகர் மேயர் தேர்தல் வாக்குச்சீட்டில் நடந்தது. மொத்தமே 36 வாக்குகள். எண்ணிய அலுவலர் எட்டுச் சீட்டுகளைச் செல்லாதவை என்று ஒதுக்கிவிட்டு, பா.ஜ.க. வேட்பாளர் வென்றதாக அறிவித்தார். அவர் சீட்டுகளில் பேனாவால் ஏதோ குறியிடுவது கேமராவில் பதிவாகியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த எட்டுச் சீட்டுகளையும் நீதிபதிகள் தாங்களே வரவழைத்துப் பார்த்தார்கள். பிப்ரவரி 20 அன்று முடிவைத் திருப்பி, ஆம் ஆத்மி வேட்பாளர் குல்தீப் குமாரே மேயர் என்று அறிவித்தார்கள்.

காகிதத்திலும் தில்லுமுல்லு செய்யலாம் என்பதற்குச் சண்டிகர் சாட்சி. செய்த தில்லுமுல்லு மூன்றே வாரத்தில் பிடிபட்டதற்கும் அதுவே சாட்சி. எட்டுச் சீட்டுகளும் கையில் எடுத்துப் பார்க்கக்கூடியவையாக இருந்ததால் நீதிமன்றத்தால் தீர்ப்புச் சொல்ல முடிந்தது.

அயர்லாந்தின் பழைய இரும்பு

நம்பிக்கையை முதலில் சம்பாதிக்காமல் இயந்திரத்தை முதலில் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அயர்லாந்து உதாரணம். 2004 ஜூன் மாத உள்ளாட்சி, ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல்களுக்காக அந்த நாட்டு அரசு 7,000-க்கும் மேற்பட்ட வாக்குப்பதிவு இயந்திரங்களை வாங்கியது. திட்டச் செலவு 5 கோடி யூரோவைத் தாண்டியது. அங்கே வாக்குகள் எண்ணும்போது கட்சித் தொண்டர்கள் தடுப்புக்கு இந்தப்பக்கம் நின்று, ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக் கணக்கெழுதுவது பழைய வழக்கம். இயந்திரத்தில் பார்க்க ஒன்றுமில்லை. காகிதத் தடயமும் இல்லை. எதிர்ப்புக் கிளம்பவே ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். துல்லியமும் ரகசியமும் உறுதி என்று தங்களால் சொல்ல முடியவில்லை என்று அக்குழு தேர்தலுக்குச் சில வாரம் முன்பு அறிக்கை தந்தது. தேர்தல் காகிதத்திலேயே நடந்தது. இயந்திரங்கள் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்தன, வாடகை ஏறியது. 2012-இல் ஏறத்தாழ 70,000 யூரோவுக்குப் பழைய இரும்புக் கடைக்குப் போயின.

2009-இல் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், அங்கே பயன்பட்ட இயந்திரங்களைச் செல்லாது என்று சொன்னபோது தந்த காரணம் எளிமையானது. வாக்குப்பதிவின், எண்ணிக்கையின் முக்கியமான படிகளைத் தொழில்நுட்பம் அறியாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும். நிபுணர்கள் நம்பினால் மட்டும் போதாது என்பதே அதன் சாரம்.

நம் நாட்டு இயந்திரம் ஐரோப்பிய இயந்திரங்களைப் போன்றதல்ல, எளிய தனிக் கருவி என்று நம் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அதை ஏற்றாலும், ஏழு விநாடிச் சீட்டு எதற்காக வந்ததோ அந்தத் தேவை வார்டு தேர்தலில் மறைந்துவிடுவதில்லை.

அடுத்த தேர்தலுக்கு முன்

2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றங்களின் ஐந்தாண்டு முடிந்ததும் அடுத்த தேர்தல் வந்தாக வேண்டும். அதற்கு முன் குடியிருப்போராக நாம் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, கேட்பது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலிலும் ஒப்புகைச் சீட்டு வேண்டும், வார்டுக்கு ஒரு சாவடியின் சீட்டுகளையாவது எண்ணி ஒப்பிட வேண்டும் என்று மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குக் கடிதம் எழுதலாம். ஒரு சங்கம் எழுதினால் கோப்பில் கிடக்கும். பகுதியின் சங்கங்கள் சேர்ந்து எழுதினால் பதில் வர வாய்ப்புண்டு.

இரண்டாவது, கவனிப்பது. வாக்குப்பதிவு தொடங்கும் முன் மாதிரி வாக்குப்பதிவு நடக்கும்போது முகவர்கள் இருக்க வேண்டும். மாலையில் மொத்தம் எத்தனை வாக்கு பதிவாயிற்று என்ற கணக்கை எழுதி வாங்க வேண்டும். எண்ணிக்கை அன்று அந்தத் தாளோடு ஒப்பிட்டாலே பாதிச் சந்தேகம் தீரும். நம் வார்டில் போட்டியிடுபவர் எந்தக் கட்சியானாலும், சுயேச்சையானாலும், காலையிலேயே முகவரை அனுப்புவாரா என்று வாக்குக் கேட்டு வரும்போது கேளுங்கள்.

மூன்றாவது, போவது. 2022-இல் சென்னை மாநகராட்சித் தேர்தலில் வாக்களித்தவர்கள் 44 விழுக்காட்டுக்கும் குறைவு. இயந்திரம் சரியா என்று விவாதிக்கும் நம்மில் பாதிக்கு மேற்பட்டோர் அதன் அருகிலேயே போகவில்லை. ஆளில்லாத சாவடியில் எந்தப் பாதுகாப்பும் பலவீனம்தான்.

இதே அளவுகோல் நம் வீட்டுக்குள்ளும் பொருந்தும். சங்கத் தேர்தலைக் கைபேசிச் செயலியில் நடத்தலாமே என்ற பேச்சு பல குடியிருப்புகளில் எழுகிறது. வெளியூரில் இருக்கும் உரிமையாளர்களுக்கு அது வசதி. ஆனால் வாக்கின் ரகசியம் எப்படிக் காக்கப்படும், மூன்று ஓட்டில் தோற்றவர் மறு எண்ணிக்கை கேட்டால் அவரிடம் எதைத் திறந்து காட்டுவோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகு செயலியைப் பற்றிப் பேசலாம்.

வென்றவருக்கு எந்தத் தேர்தலிலும் சான்று தேவைப்படாது. தோற்றவரும், அவருக்கு ஓட்டுப் போட்டவர்களும் மறுநாள் அதே தெருவில்தான் குடியிருக்கப் போகிறார்கள். முடிவு நியாயமானதுதான் என்று அவர்கள் ஒப்புக்கொள்ளும்படி நடந்தால்தான், புதிய கவுன்சிலரிடம் அவர்களும் குடிநீர்ப் பிரச்சினையை எடுத்துக்கொண்டு போவார்கள். அதற்கு ஒரு துண்டுக் காகிதம் உதவும் என்றால், அந்தச் செலவு அதிகமில்லை.